ஆள் தேடும் பட்டியல்

எங்கட அம்மம்மா எந்தப் படிவத்திலும் தன்ர முழுப்பெயரை எழுத மாட்டா. கொட்டாஞ்சேனையில் வீடு வீடாய்க் கணக்கெடுக்க வருகிறவர்களுக்கும் சரி, கோயில் அன்னதானப் பட்டியலுக்கும் சரி, ஒரு முதலெழுத்தும் பாதிப் பெயரும்தான். "பேர் எங்க போய்ச் சேரும் எண்டு எங்களுக்குத் தெரியாது பிள்ளை" என்பா.

நான் வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஒபிசில் டேட்டாபேஸ் வேலை செய்கிறேன். காலையிலிருந்து பின்னேரம் வரை என் வேலையே ஆட்களின் பெயர்களை அட்டவணைகளில் அடுக்குவதுதான். அதனால் இந்தச் சண்டை வீட்டில் அடிக்கடி வரும்.

"பட்டியல் இருந்தாத்தானே அம்மம்மா ஆளைக் கண்டுபிடிக்கலாம்?"

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

இரண்டு பேரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறோம், ஆனால் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறோம் என்று விளங்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. நடுவில் ஒரு மென்பொருளின் வரலாறு வரும். கொழும்பில் பிறந்து உலகம் சுற்றிய மென்பொருள் அது. எங்கள் வயதுப் பெடியள், பெட்டையள் பலருக்கு அதன் பெயரே தெரியாது என்பதுதான் எழுத வைத்தது.

போயா நாள், ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26. காலை ஏழு மணி அளவில் கோட்டை ஸ்டேஷனிலிருந்து மாத்தறைக்கு ஒரு ரயில் புறப்பட்டது. கடலோரப் பாதை. நாங்கள் பின்னேரத்தில் காற்று வாங்கப் போய் நிற்கிற அதே வெள்ளவத்தைத் தண்டவாளத்தால்தான் அது தெற்கே போனது. ஒன்பதரை அளவில் பெரலிய என்ற இடத்தில் அலை அதை அடித்தது. அந்த ஒரு ரயிலில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

நாடு முழுக்க 35,000 பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனார்கள். ஐந்து லட்சம் பேர் அளவில் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். எல்லா மாவட்டங்களிலும் அதிக இழப்பு அம்பாறைக்கு. அங்கு மட்டும் 10,000க்கு மேல். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் இழப்பு அதிகம்.

முதல் சில நாட்களில் ஆட்களைத் தேடியது எப்படி? ஆஸ்பத்திரிச் சுவரில் படம் ஒட்டினார்கள். ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு நடந்தார்கள். ஒவ்வொரு முகாமிலும் யாரோ ஒருவர் கொப்பியில் பெயர் எழுதி வைத்திருந்தார். ஆனால் ஒரு கொப்பிக்கு மற்றக் கொப்பியைத் தெரியாது. நிவாரணமும் அப்படித்தான். ஒரு ஊருக்கு நாலு லொறி அரிசி போகும், பக்கத்து ஊருக்கு ஒன்றும் போகாது. யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்ற பட்டியல் யாரிடமும் இல்லை.

கொழும்பில் ஐடி கம்பனிகளில் வேலை செய்தவர்களும் பல்கலைக்கழகத்து ஆட்களும் அந்தக் கிழமையே கூடி வேலை தொடங்கினார்கள். அவர்களை ஒன்றாய்ச் சேர்த்த அமைப்பு லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன். சஞ்சீவ வீரவரண 2003இல் தொடங்கிய அமைப்பு அது, இலங்கையிலிருந்து திறந்த மூல மென்பொருள் எழுத வேண்டும் என்பதற்காகவே. சமிந்திர டி சில்வா என்ற பொறியியலாளர் இந்த வேலையை முன்னின்று நடத்தினார். அவர்கள் எழுதியதற்கு வைத்த பெயர் சஹானா. எங்களுக்கு சஹானா எண்டா ராகம்தான் ஞாபகம் வரும். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம், ஆறுதல் என்று பொருள்.

உள்ளே பார்த்தால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. சில அட்டவணைகள். காணாமல் போனவர்கள் ஒன்றில், முகாம்கள் ஒன்றில், உதவி செய்யும் நிறுவனங்கள் ஒன்றில், தேவைகள் ஒன்றில். எழுதிய மொழி பிஎச்பி. அட்டவணைகளை வைத்திருந்தது மை எஸ்கியூஎல். இரண்டும் திறந்த மூலம். டேட்டாபேஸ் செய்கிற வேலை அந்தக் கொப்பிகளை ஒன்றோடு ஒன்று கதைக்க வைப்பது. காணாமல் போனவர் பட்டியலில் ஒரு பெயர், முகாம் பட்டியலில் ஒரு பெயர். இரண்டும் ஒரே ஆளா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் ஒரு தாய் இன்னொரு முகாமுக்கு நடக்கத் தேவையில்லை.

ஜனாதிபதியின் கீழ் கொழும்பில் இயங்கிய தேசிய நடவடிக்கை மையம் இதை எடுத்துப் பயன்படுத்தியது. அந்த மையம் சில கிழமைகளில் மூடப்பட்டது. வழக்கமாய் இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். மையம் மூடும், சேர்வரை நிறுத்துவார்கள், எல்லாரும் வேலைக்குத் திரும்புவார்கள்.

மூடாமல் போன கதை

சஹானா மூடவில்லை. காரணம் அதன் உரிமம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், வேறு நாட்டில் ஓட வைக்கலாம். அவசரத்தில் எழுதிய முதல் கோடை ஓரமாய் வைத்துவிட்டு, எந்த அனர்த்தத்துக்கும் பொருந்துகிற மாதிரித் திரும்ப எழுதினார்கள். இதற்குப் பணம் கொடுத்தவர்களில் சுவீடனின் அபிவிருத்தி நிறுவனமான சிடாவும் ஒன்று.

2005 ஒக்டோபரில் பாகிஸ்தான் பூகம்பம். சஹானா அங்கே போனது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸில் மலை சரிந்து ஒரு கிராமமே மண்ணுக்குள் போனபோது அங்கே. அதே வருடம் மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா. 2007இல் பெரு. 2008இல் சீனாவின் செங்டு. 2010இல் ஹெய்ட்டி. நியூயோர்க் நகரமே புயல் முகாம்களைத் திட்டமிட இதை எடுத்தது. எங்கட ஊரில் பத்துப் பதினைஞ்சு கணினியில் தொடங்கின ஒண்டு நியூயோர்க்குக்கு!

2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் சஹானாவுக்குக் கொடுத்தது. ரிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிய அமைப்பு அது. அதற்கு முந்தைய வருடம் அந்த விருதை வாங்கியது விக்கிப்பீடியா. 2009இல் சஹானாவுக்கென்று தனி அமைப்பு அமெரிக்காவில் பதிவானது. பிறகு பைதன் மொழியில் புதிதாய் எழுதப்பட்ட வடிவத்துக்கு ஈடன் என்று பெயர்.

இந்த நேரத்தில் அடியில் இருந்த மை எஸ்கியூஎல்லுக்கு என்ன நடந்தது தெரியுமா? 2008இல் சன் நிறுவனம் அதை 100 கோடி டொலருக்கு வாங்கியது. 2010இல் சன்னையே ஒராக்கிள் வாங்கியது. தாங்கள் விற்காத ஒன்றை யாரோ வாங்கிவிட்டார்கள் என்று உலகம் முழுக்க டெவலப்பர்மார் பதறினார்கள். மை எஸ்கியூஎல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் அதற்கு முன்பே, 2009இல், அதே கோடிலிருந்து மரியாடிபி என்று ஒரு கிளையைப் பிரித்துவிட்டார். மரியா அவருடைய மகளின் பெயர். திறந்த மூலத்தின் சட்டப் பலம் இதுதான். கம்பனியை விற்கலாம். ஏற்கெனவே திறந்து கொடுத்த கோடை யாரும் திரும்பப் பூட்ட ஏலாது.

சஹானாவைச் சுற்றி ஒரு சூழலும் இங்கே வளர்ந்தது. மாணவர்களைத் திறந்த மூலத்தில் எழுத வைக்கும் கூகிளின் கோடைத் திட்டத்தில், முதல் பத்து வருடங்களில் உலகிலேயே அதிக மாணவர்களைச் சேர்த்த பல்கலைக்கழகம் மொறட்டுவை. அமெரிக்காவிலோ இந்தியாவிலோ இருக்கிற ஒன்று இல்லை, காலி வீதியால் பஸ் ஏறிப் போகிற மொறட்டுவை.

இதுவரைக்கும் பெருமைக் கதை. இனி என் வேலை அனுபவத்தில் நெருடுகிற பகுதி.

முதற்பெயர், கடைசிப்பெயர்

டேட்டாபேஸ் படித்த முதல் நாளே சொல்லித் தருவார்கள்: ஆட்களுக்கு ஒரு அட்டவணை, அதில் முதற்பெயர் ஒரு நிரை, கடைசிப்பெயர் ஒரு நிரை. ஐரோப்பியப் பெயருக்குச் சரி. எங்கட பெயருக்கு? தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கல்யாணம் கட்டினால் சிலர் கணவர் பெயரைப் பின்னால் போடுவார்கள், சிலர் முதலெழுத்தை மட்டும் மாற்றுவார்கள். சிங்களவர்களின் 'கே' என்று முடிகிற நீண்ட குடும்பப் பெயரும் இந்த இரண்டு நிரைக்குள் ஒழுங்காய் அடங்காது. அதனால் இதில் எந்தச் சதியும் இல்லை. வேறு ஊரில் தைத்த சட்டை எங்கள் எல்லாருக்கும் இறுக்கம், அவ்வளவுதான்.

ஆனால் அலைக்குப் பிறகு தேடும்போது அந்த இறுக்கத்துக்கு விலை உண்டு. முகாமில் பெயர் எழுதினவர் தகப்பன் பெயரை முதலில் போட்டிருப்பார். தேடி வந்த தங்கச்சி சொந்தப் பெயரை முதலில் சொல்லுவா. ஆள் பட்டியலில் இருப்பார், தேடலில் வர மாட்டார்.

ஆங்கில எழுத்தில் எழுதினால் இன்னும் மோசம். ஒலியை வைத்துப் பெயர் தேட சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தது, மை எஸ்கியூஎல்லுக்குள்ளேயே இருக்கிறது. அது பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துவிட்டு, பின்னால் வரும் மெய்யெழுத்துகளுக்கு இலக்கம் போடும். சிவகுமாரை எப்படி எழுதினாலும் அநேகமாய்க் கண்டுபிடித்துவிடும். செல்லையாவைக் கண்டுபிடிக்காது. செல்லையாவை ஆங்கிலத்தில் 'சி' எழுத்தில் தொடங்கி எழுதுகிறவர்களும் உண்டு, 'எஸ்' எழுத்தில் தொடங்குகிறவர்களும் உண்டு. ஒருவர் சி 400, மற்றவர் எஸ் 400. கணினிக்கு இரண்டு வேறு மனிதர்கள். ஞானம் என்றால் 'ஜி', 'ஜே', 'என்' என்று மூன்று மனிதர்கள்.

சரி, தமிழிலேயே எழுதியிருக்கலாமே? அந்தக் காலத்தில் இலங்கையில் தமிழ் தட்டச்சு என்றால் பெரும்பாலும் பாமினி எழுத்துரு. கல்யாணக் கார்ட் அடித்த எல்லாருக்கும் தெரியும். பாமினி உண்மையில் தமிழைச் சேமிக்காது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போடும். நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இதில் இன்னொரு பொறியும் இருக்கு. பாமினியில் சின்ன 'எஃப்' என்றால் க, பெரிய 'எஃப்' என்றால் கு. மை எஸ்கியூஎல்லோ சுவீடனில் பிறந்தது. அன்றைக்கு அதன் இயல்பான அடுக்கு ஒழுங்கு சுவீடிஷ் மொழியுடையது, சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் அதற்கு ஒன்று. அதாவது பாமினியில் குமாரைத் தேடினால் கமாரும் சரி என்று சொல்லும்.

யூனிகோட் இதற்கு மருந்து. மை எஸ்கியூஎல்லுக்கு ஒழுங்கான யூனிகோட் வந்தது 4.1 பதிப்பில், 2004 ஒக்டோபரில். சுனாமிக்கு இரண்டே மாதம் முன்னால். மருந்து வந்திருந்தது, எங்கள் கைகளுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. பல நாள் நித்திரை கொள்ளாமல் வேலை செய்தவர்களை இருபது வருடம் கழித்து ஏசிக் குறை பிடிக்கிறது லேசு. நான் சொல்ல வருவது வேறு. கோட் திறந்திருந்தால் செல்லையாவையும் ஞானத்தையும் யாராவது திருத்தலாம். 'யாராவது' என்றால் அந்தப் பிழையால் வலி படுகிறவர்கள். செல்லையா என்று பெயர் உள்ள வீட்டில் பிறந்த ஒருவர் மேசையில் இருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். இன்டர்நெட் நன்றாய் இருந்தது கொழும்பில். அதிகம் பேர் இறந்தது அம்பாறையில். அந்த இரண்டுக்கும் நடுவில் பாலமாய் நின்றிருக்க வேண்டியவர்கள் இரண்டு மொழியும் தெரிந்த எங்களைப் போன்ற ஆட்கள்.

மற்றப் பட்டியல்

இப்ப அம்மம்மாவின் பக்கம்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. இது அந்த நேரத்திலேயே பலர் கண்டு, பல நூல்களில் பதிவான விஷயம். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் எந்த வீடு தமிழ் வீடு, எது சிங்கள வீடு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது. இடாப்பைப் பார்த்தால் சொல்லலாம். வாக்குப் போடுவதற்காக எழுதிய அதே பெயர், அதே இலக்கம், அதே ஒழுங்கை. அம்மம்மா அந்த நாலு நாளும் பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரியின் குசினிக்குள் இருந்தவ. அதுக்கு மேல சொல்ல மாட்டா.

2007 ஜூன் 7 விடியப்புறம், கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றியது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்கள். 376 பேர், அதில் 85 பேர் பெண்கள். வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. யுத்த காலத்தில் கொழும்பில் தமிழ் ஆட்கள் பொலிஸில் பதிவதென்பது வழமையாய் இருந்தது. எந்த அறையில் யார் என்று காட்டுவதற்குத்தானே அந்தப் பதிவு.

ஒரே வருடங்களைக் கவனியுங்கள். அதே 2007இல் கொழும்பில் எழுதிய பட்டியல் மென்பொருள் பெருவில் ஆட்களைக் கண்டுபிடிக்க ஓடிக்கொண்டிருந்தது. அதே கொழும்பில் வேறொரு பட்டியல் ஆட்களைக் கண்டுபிடித்து பஸ்ஸில் ஏற்றியது. இரண்டிலும் நிரைகள் ஒன்றுதான்: பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், இப்ப தங்கியிருக்கிற இடம்.

எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 1943 மார்ச்சில் அம்ஸ்டர்டாம் நகரச் சனத்தொகைப் பதிவகத்துக்கு டச்சு எதிர்ப்பாளர்கள் தீ வைத்தார்கள். நல்ல எண்ணத்தோடு, மிக ஒழுங்காய்ச் செய்த பதிவேடு அது. நாஜிகள் அதை வைத்துத்தான் யூதர்களைத் தேடினார்கள். பட்டியல் எவ்வளவு திருத்தமோ அவ்வளவு ஆபத்தாய் இருந்தது.

அப்ப பட்டியலே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் இருந்த தாய்மார் கேட்டதில் ஒன்றே பட்டியல்தான். சரணடைந்தவர்களின் பட்டியலைக் காட்டுங்கோ என்றார்கள். பெயர் பட்டியலில் இருந்ததால் அடிபட்ட அதே சனம், பெயர் பட்டியலில் இல்லாததால் தேடி அலைகிறது.

என் கையில் இருந்த பட்டியல்

இந்த இடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளத்தில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து உலர் உணவு சேர்த்தோம். யாருக்கு என்ன தேவை என்று ஒன்லைனில் ஒரு ஷீட் திறந்தோம். பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், விலாசம், வீட்டில் எத்தனை பேர், ஆம்பிளையள் இருக்கினமா இல்லையா. இணைப்பு வைத்திருக்கிற யாரும் பார்க்கலாம் என்று விட்டோம். அவசரம்தானே. அந்த இணைப்பு எத்தனை வாட்ஸப் குரூப்புக்குப் போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். வெள்ளம் வடிந்தது, நாங்கள் மறந்துவிட்டோம். மூன்று வருடம் கழித்து வேறு எதையோ தேடும்போது அந்த ஷீட் கண்ணில் பட்டது. அப்படியே திறந்தபடி கிடந்தது. ஆண் துணை இல்லாத வீடுகளின் விலாசம் தனி நிறத்தில். அந்த நிறத்தைப் போட்டது நான்தான்.

அன்றைக்குத்தான் அம்மம்மா சொன்னது விளங்கியது.

திறந்த மூலம் என்ற சொல்லில் நாங்கள் குழம்புகிற இடம் இது. திறந்திருக்க வேண்டியது கோட். எப்படித் தேடுகிறது, யாருக்குக் காட்டுகிறது, எந்த நிரையில் என்ன கேட்கிறது என்று எல்லாரும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கிற பெயர்கள் பூட்டியிருக்க வேண்டும். நாங்கள் செய்தது நேர்மாறு. கோட் யாரோ ஒரு பெரிய கம்பனியுடையது, எங்களுக்கு உள்ளே தெரியாது. சனத்தின் விபரம் ஊருக்கெல்லாம் திறந்திருந்தது.

அனர்த்த மென்பொருள் எழுதுகிறவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. கத்ரீனா புயலுக்குப் பிறகு, காணாமல் போனவர்களின் பதிவுகளை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு பொது வடிவம் செய்தார்கள். பிறகு வந்த பதிப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் காலாவதித் திகதி என்று ஒரு நிரை சேர்த்தார்கள். பாண் பைக்கற்றில் இருக்கிற மாதிரி. அந்தத் திகதிக்குப் பிறகு பெயர் அழிய வேண்டும். ஒரேயொரு நிரைதான். எங்கள் ஷீட்டில் அது இருந்திருந்தால் மூன்று வருடம் திறந்து கிடந்திருக்காது. இலங்கையிலும் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் வெள்ளம் வந்த அன்றைக்கு வாட்ஸப் குரூப்பில் சட்டப் புத்தகம் திறக்கிறவர் யாரும் இல்லை. பழக்கம்தான் காப்பாற்றும்.

அடுத்த வெள்ளம் வரும். எங்களில் யாரோ ஒருவர் அன்றைக்கும் ஒரு ஷீட் திறப்பார். அதற்கு முன் சஹானா ஈடனின் கோடை ஒருதரம் திறந்து பாருங்கோ, இலவசம்தான். ஒரு முகாமுக்கு என்னென்ன நிரை தேவை, யாருக்கு எதைக் காட்டக் கூடாது என்று இருபது வருட அனுபவம் அதற்குள் இருக்கிறது. செல்லையாவைத் தேடிப் பாருங்கோ. வராவிட்டால் திருத்தி அனுப்புங்கோ. ஷீட்தான் வழி என்றாலும் நாலு கேள்வி கேளுங்கோ: இதை யார் பார்க்கலாம்? இந்த நிரை உண்மையாகவே தேவையா? பெயரை அவரவர் மொழியில் எழுத இடம் இருக்கா? எந்தத் திகதியில் அழிப்போம்?

நான் அந்த ஷீட்டை அழித்துவிட்டு அம்மம்மாவிடம் சொன்னேன். "வேற ஆரும் கொப்பி எடுத்திருப்பினமோ?" என்று கேட்டா. தெரியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனா.